நாற்பதாம் பக்கத்து வண்டு

சே. ம. சூ.

1 அக்டோபர் 2023, ஞாயிறு

ஜெபமாலை மாதம் பிறந்தது. காலைப் பூசையில் இரண்டாம் வாசகம் என்னுடையது. பிசகில்லாமல் வாசித்தேன்.

பூசை முடிந்து பெர்னதெத் டீச்சர் பட்டியல் கொடுத்தார். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த ஜூனிலிருந்து எங்கள் தெருவின் ஜெபக் குழுவான அன்பியத்துக்குப் பொறுப்பாளர். முப்பத்தொரு குடும்பம், முப்பத்தொரு நாள். மாதா சிலை, அதாவது சுரூபம், ஒரு நாளைக்கு ஒரு வீடாக வரும். மாலை ஆறு மணிக்கு ஜெபமாலை சொல்லி இறக்கினால் மறுநாள் ஆறு மணி வரை அம்மா அந்த வீட்டு விருந்தாளி. பிறகு அந்த வீட்டுப் பெண்ணே தூக்கிப் போய் அடுத்த வீட்டுப் பெண்ணின் கையில் கொடுக்க வேண்டும். வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. எங்கள் வீடு பத்தொன்பது.

முன்னறைச் சன்னல் திரையைத் துவைக்கப் போட்டேன். மெழுகுவர்த்தி இருக்கிறது. சாம்பிராணி வாங்க வேண்டும்.

3 அக்டோபர், செவ்வாய்

டீச்சர் ஒவ்வொரு வீடாகப் போய் அம்மாவை எங்கே வைக்கப் போகிறோம் என்று பார்க்கிறார். இன்று இங்கே வந்தார். எங்களுக்கு இருப்பது முன்னறை ஒன்று, மேசை ஒன்று. மேசைக்குப் பின்னால் சுவர் முழுக்க என் புத்தக அலமாரி. எழுநூற்று நாற்பத்து மூன்று மாத நாவல். வேறு என்ன இருக்கிறது இந்த வீட்டில், என்னுடையது என்று சொல்ல.

அட்டைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. துப்பாக்கி பிடித்த பெண், கிணற்றுக்குள்ளிருந்து நீளும் கை, ரத்தச் சொட்டோடு கத்தி. படம் போட்டவர்கள் கஞ்சத்தனம் பண்ணவில்லை.

டீச்சர் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னா பிரகாசி இது, பஸ் ஸ்டாண்டு கடையா?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு புத்தகத்தையும் தொடவில்லை. இரண்டு கையையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு, உள்ளே வந்து இரண்டாம் தட்டு முன்னால் வெகுநேரம் நின்றார். மூக்குக்கண்ணாடியை மட்டும் ஏற்றி ஏற்றி விட்டுக்கொண்டார்.

"இதுங்க முன்னாடியா அம்மாவ உக்கார வெக்கப் போற?"

"வேற எடம் இல்லீங்க டீச்சர்."

"அப்ப இதுங்கள வெளிய போடு. போடலன்னா அம்மா பதினெட்டாம் வீட்டுலேருந்து நேரா இருபதுக்குப் போயிரும். நான் சொன்னது சொன்னதுதான்."

நான் வைத்த காபி ஆறிப் போயிருந்தது. அதைக் குடிக்காமலே போனார்.

4 அக்டோபர், புதன்

என் வீட்டுக்காரர் சொல்கிறார், அந்த ஒரு நாளைக்கு மட்டும் பழைய போர்வையைப் போட்டு மூடிவிடேன் என்று. போர்வைக்குள்ளே இருப்பது அம்மாவுக்குத் தெரியாதாமா என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

6 அக்டோபர், வெள்ளி

இன்று மீன் இல்லை, சாம்பார்தான். வேலை சீக்கிரம் முடிந்தது. பதிவேட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். பத்தொன்பது வயதில் கல்யாணமாகி இந்த ரயில்வே காலனிக்கு வந்தபோது எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இவர் ஒர்க்ஷாப்பில் வேலை. ரயிலில் யாரோ விட்டுப்போன நாவல் ஒன்றை டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார், அடுப்புப் பற்ற வைக்க. அட்டையில் ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். ஏன் கத்துகிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் அதைக் கிழிக்க மனசு வரவில்லை. கூட்டிக் கூட்டிப் படித்து முடிக்கப் பதினேழு நாள் ஆயிற்று. மாமனார் சொத்துக்காக மருமகன் செய்த வேலை. அடுத்ததைப் பதினோரு நாளில் முடித்தேன். அப்புறம் கனகசபை அண்ணனின் வாடகை நூல் நிலையத்தில் சேர்ந்தேன். இன்றைக்குக் கோயிலில் பீடத்தருகே நின்று, ஐந்நூறு பேர் கேட்க வாசகம் வாசிக்கிறேன் என்றால் அந்தக் கத்திய பெண்ணுக்குத்தான் நன்றி.

வாடகை நூல் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. படித்ததையே மறுபடி எடுத்துப் போய் ஏமாறாமல் இருக்க, ஆளாளுக்கு ஒரு பக்கத்தில் ஒரு குறி போட்டுவைப்பார்கள். புத்தகத்தை எடுத்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார்கள். என்னுடையது முப்பத்து மூன்றாம் பக்கத்தில் சின்னச் சிலுவை. ஆண்டவர் சிலுவையில் மரித்த வயது. மற்றவர்கள் நட்சத்திரம், மூன்று புள்ளி, கோழிக்கால் என்று போடுவார்கள். கடையை மூடியபோது கனகசபை அண்ணன் எல்லாவற்றையும் எனக்கே கொடுத்தார். அன்றிலிருந்து பதிவேடு எழுதுகிறேன். எண், தலைப்பு, வந்த மாதம், கிழிந்த பக்கம், யார் யார் குறி எங்கே என்பது வரை எல்லாம் உண்டு. வீட்டுக் கணக்கைவிட இது சுத்தம்.

நாற்பதாம் பக்கத்தில் வண்டு போடுகிறவர் ஒருவர் இருந்தார். ஒரு முட்டை வட்டம், நடுவில் கோடு, பக்கத்துக்கு மூன்று கால். அறுபத்தொரு புத்தகத்தில் இருக்கிறார். எனக்குப் பிடித்த புத்தகம் எல்லாவற்றிலும் அவர் இருப்பார். பிடிக்காததில் இருக்கமாட்டார். யார் என்று கனகசபை அண்ணனிடம் கேட்டதற்கு, "டாக்டர் வக்கீல் மாதிரிதாம்மா இந்தத் தொழிலும், யார் எதப் படிச்சாங்கன்னு வெளிய சொல்லக் கூடாது" என்றுவிட்டார். ஒரு புத்தகத்துக்குள் சரக்கு ரயில் கார்டு எழுதும் துண்டுச் சீட்டு கிடந்தது. அதனால் கார்டாக இருக்க வேண்டும். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்து வருகிற மனுஷனுக்கு வேறென்ன துணை.

1994 ஜூலையோடு வண்டு நின்றுவிட்டது. கடைசியாக இருப்பது 'ஈரக்குடை' முதல் பாகத்தில். ஆகஸ்டில் வந்த இரண்டாம் பாகத்தில் இல்லை. மாற்றல் ஆகியிருக்கும். கொலைகாரன் யார் என்று தெரியாமலே போய்விட்டாரே என்று எனக்கு ரொம்ப நாள் இருந்தது. லெவல் கிராசிங்கில் சரக்கு வண்டி போனால் கடைசிப் பெட்டி தாண்டுகிறவரை நிற்பேன். பழக்கம்தான்.

அரிசி களைய நேரமாகிவிட்டது.

8 அக்டோபர், ஞாயிறு

ஃபாதரைப் பார்த்துச் சொன்னேன். "அந்தப் புஸ்தகத்துலல்லாம் கொலைகாரன் மாட்டிக்கிறானா?" என்று கேட்டார். "எல்லாத்துலயும் மாட்டிக்கிறான் ஃபாதர்" என்றேன். "அப்பப் பரவால்ல" என்று சிரித்துவிட்டு, பட்டியல் டீச்சர் பொறுப்பு, அதில் தான் தலையிட முடியாது என்று ஸ்கூட்டரில் ஏறினார்.

10 அக்டோபர், செவ்வாய்

துணி அலசிக்கொண்டிருந்தபோது பழைய பேப்பர்காரர் தராசோடு உள்ளேயே வந்துவிட்டார். ஐயா வரச் சொன்னாராம். இவர் சத்தமில்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போய்விட்டார்.

அலமாரிக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "எடை போடுறதுன்னா மொதல்ல என்னைய போடுங்க" என்றேன். அந்த மனுஷன் நல்லவர். காலி எண்ணெய் டின் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்.

இவர் வந்ததும் சோறு போட்டேன், ரசம் ஊற்றினேன். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது அவரே சொன்னார். "அம்மா நம்ம வீட்ட மட்டும் தாண்டிப் போனா தெருவுல நான் எப்படித் தலகாட்டுறது?"

"எனக்கு மட்டும் வலிக்காதா? முப்பத்தேழு வருசத்துல ஒரு வருசம் அம்மா நம்ம வீட்டுக்கு வராம இருந்ததில்ல" என்றேன். "ஆனா வந்தா அம்மா என் வீட்டுக்கு வரணும். காலி பண்ணிக் கழுவிவிட்ட வேற யாரோ வீட்டுக்கு இல்ல."

இவ்வளவு நீளமாக இவரிடம் பேசி எத்தனை நாளாயிற்று.

12 அக்டோபர், வியாழன்

இன்று பன்னிரண்டாம் வீட்டில் ஜெபமாலை. டீச்சர் சுரூபத்துக்கு மாலை சரி செய்யும்போது, தன் நோட்டை என் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். திறந்திருந்தது. வீட்டுப் பட்டியல். அம்மா போய் வந்த வீடுகளுக்கு எதிரே ஒரு குறி. ஒன்று முதல் பதினொன்று வரை.

நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன். ஜெபமாலையில் ஒரு மணி அதிகமாக உருட்டிவிட்டேன் போல, எல்லோருக்கும் பிந்தி முடித்தேன்.

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன். மடித்ததை மறுபடி உதறி மடித்தேன்.

13 அக்டோபர், வெள்ளி

முட்டை வட்டம், நடுவில் கோடு, பக்கத்துக்கு மூன்று கால். அறுபத்தொன்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். டீச்சர் நோட்டுக் குறியும் இதுவும் ஒரே கை.

டீச்சர் வீட்டுக்காரர் கார்டாக இருந்தவர். அந்தச் சீட்டு அவர் பையிலிருந்து வந்திருக்கும்.

சரி. நான் நினைத்து வைத்திருந்த ஒரு ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. அவ்வளவுதான். பதிவேட்டில் எழுத வேண்டும். பேனா எடுக்கத் தோன்றவில்லை. இட்லிக்கு ஊறப் போட மறந்து, இவருக்குக் காலையில் உப்புமா.

14 அக்டோபர், சனி

கோபம் இன்றுதான் வந்தது. அறுபத்தொன்று படித்த வாயா என் அலமாரியை பஸ் ஸ்டாண்டு கடை என்றது? நாளைக்குக் கோயில் வாசலில் வைத்து, எல்லோருக்கும் நடுவில், நாற்பதாம் பக்கத்தைத் திறந்து காட்டினால் போதும். எந்த நாவலில் துப்பறிகிறவன் விட்டிருக்கிறான்?

15 அக்டோபர், ஞாயிறு

கோயில் வாசலில் காட்டவில்லை. 'ஈரக்குடை' முதல் பாகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, பதினொரு மணிக்கு டீச்சர் வீட்டுக்கே போனேன். தனியாகத்தான் இருக்கிறார். மகன் ஆல்பன் சென்னையில்.

மேசையில் வைத்து நாற்பதாம் பக்கத்தைத் திறந்தேன். டீச்சர் குனிந்து பார்த்தார். கையை உடனே சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டார். இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"பள்ளிக்கூடத்து ஆயாவ விட்டு எடுத்துட்டு வரச் சொல்வேன்" என்றார். "டீச்சரம்மா இதப் படிக்கிறான்னு தெரியக் கூடாதுல்ல."

அப்புறம் அவரே சொன்னார். அழவில்லை; வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி, வரிசையாகச் சொன்னார். அப்போது ஆல்பனுக்கு ஆறு வயது. காலையிலிருந்து காய்ச்சல். மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு டீச்சர் படித்துக்கொண்டிருந்தார். பிள்ளை உள்ளேயிருந்து இரண்டு முறை கூப்பிட்டான்.

"இன்னும் பதினோரு பக்கந்தான் இருந்துச்சு பிரகாசி. முடிச்சுட்டுப் போய் நெத்தியத் தொட்டுப் பாக்கலாம்னு இருந்தேன். முடிச்சேன். இந்தக் குறியயும் போட்டேன். போட்டுட்டுத்தான் எந்திரிச்சேன்."

போனபோது ஜன்னி கண்டிருந்தது. பிள்ளை பிழைத்தான். இடது காது போய்விட்டது. வேளாங்கண்ணிக்குப் போய், இனி இந்தப் புத்தகங்களைத் தொடுவதில்லை, படிப்பதில்லை என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டு வந்தாராம். இருபத்தொன்பது வருஷம் ஆகிறது.

"இப்ப சொல்லு. அம்மா முன்னாடி இதுங்கள வெப்பியா?"

இரக்கமாக இருந்தது. இரக்கத்துக்காக ஆமென் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். பாதி வந்துவிட்டது நாக்கு வரைக்கும்.

"வெப்பேன் டீச்சர்" என்றேன். "காய்ச்சல் புஸ்தகத்துலேருந்து வரல. ஊர்ல எத்தன தாய் சமையல்ல இருந்திருப்பா, தூக்கத்துல இருந்திருப்பா, கோயில்லகூட இருந்திருப்பா. அதுக்காக அடுப்பயா தூக்கி வெளிய போட்டாங்க? எனக்கு இது எழுத்து குடுத்துச்சு. அம்மா முன்னாடி ஒளிச்சு வெக்க இதுல ஒண்ணும் இல்ல."

"போயிட்டு வா" என்றார்.

இதை யாரிடமும் சொல்லமாட்டேன். இவரிடமும்.

16 அக்டோபர், திங்கள்

மழை. அலமாரியின் கீழ்த்தட்டில் ஈரம் ஏறுகிறது. வேப்பிலை மாற்றினேன். கறையான் இல்லை, தேவனுக்குத் தோத்திரம்.

18 அக்டோபர், புதன்

இன்று சுரூபம் பதினெட்டாம் வீட்டில், லீமா ரோஸ் வீட்டில். எனக்கு இரண்டு வாசல் தள்ளித்தான். ஜெபமாலை முடிந்து டீச்சர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார், நாளைக்கு அம்மா நேராக இருபதாம் வீட்டுக்குப் போகும் என்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நிமிர்ந்தே இருந்தேன். இவர் பின்வரிசையில் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நாளைக்கு மேசையைத் துடைத்து, வெள்ளை விரிப்புப் போட்டு, மாலை வாங்கி வைக்கப் போகிறேன். தாண்டிப் போகட்டும். தாண்டிப் போகிறபோது என் வாசல் திறந்திருந்தது என்று அம்மாவுக்குத் தெரியட்டும்.

19 அக்டோபர், வியாழன்

முழுசாக எழுதுகிறேன்.

காலையில் எழுநூற்று நாற்பத்து மூன்றையும் துடைத்தேன். இவர் வந்து நின்றார். மேல்தட்டுப் புத்தகங்களை எடுத்து எடுத்துக் கொடுத்தார். ஒரு அட்டையைப் பார்த்து, "ஏன் கத்துறா இவ?" என்றார். "படிச்சுப் பாருங்க" என்றேன். அதை மட்டும் மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மேசைக்கு வெள்ளை விரிப்பு, இரண்டு மெழுகுவர்த்தி, சம்பங்கி மாலை. பின்னால் அலமாரி, போர்வை கீர்வை ஒன்றுமில்லை. ஐந்தே முக்காலுக்கு முக்காடு போட்டுக்கொண்டு, இரண்டு கையையும் ஏந்தி, வாசற்படியில் நின்றேன். காலை அழுத்தி ஊன்றிக்கொண்டு நின்றேன்.

டீச்சர் ஜெபமாலையோடு முன்னால் வந்தார். பின்னால் லீமா ரோஸ், மார்போடு சுரூபத்தை அணைத்துக்கொண்டு. அப்புறம் இருபது முப்பது பேர். டீச்சர் என் வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்துவிட்டார். பின்னால் காலடிச் சத்தம் இல்லை என்று திரும்பிப் பார்த்தார்.

லீமா ரோஸ் என் படிக்கு நேரே நின்றுவிட்டாள். வாய்த்துடுக்குக்காரி, சுரூபம் கனத்தில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், இவ கைய ஏந்திக்கிட்டு நிக்கிறா" என்றாள். "ஏந்துன கையில குடுக்காம அம்மாவத் தூக்கிட்டுப் போன பாவம் எனக்கு எதுக்கு? நீங்க வேணா வாங்கி இருபதுக்குத் தூக்கிட்டுப் போங்க."

டீச்சர் என்னைப் பார்த்தார். என் தோளுக்கு மேலே அலமாரியைப் பார்த்தார். நான் வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மானம் தெருவில் கிடந்திருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டீச்சர் வரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு, நின்ற இடத்திலேயே ஜெபமாலையை ஆரம்பித்தார். லீமா ரோஸ் அம்மாவை என் கையில் வைத்தாள்.

ஜெபமாலையின் ஐந்து மறைபொருளும் டீச்சர் தெருவில் நின்றே சொன்னார். தூறல் விழுந்தது. படியேறவில்லை. நான் உள்ளே, அவர் வெளியே, நடுவில் மற்றவர்கள். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் உள்ளிருந்து பதில் சொன்னேன். என் குரல் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

இவர் எல்லோருக்கும் சுண்டல் கொடுத்தார். நான் செய்யச் சொல்லவில்லை. எப்போது ஊறப் போட்டாரோ.

20 அக்டோபர், வெள்ளி

மத்தியானம் இரண்டரைக்கு டீச்சர் வந்தார், தனியாக. இவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

படியேறி உள்ளே வந்தார். அலமாரிக்கு முதுகைக் காட்ட முடியாது, அம்மா அங்கேதான் இருக்கிறார். அதனால் இரண்டையும் பார்த்துத்தான் உட்கார வேண்டியிருந்தது. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். நேற்று நனைந்ததில் குரல் கட்டியிருந்தது.

அம்மாவைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்தக் குடை யாரோடது?"

நான் எழுந்து இரண்டாம் தட்டிலிருந்து 'ஈரக்குடை' இரண்டாம் பாகத்தை எடுத்தேன்.

"குடுக்காத. நான் தொடக் கூடாது. படிக்கக் கூடாது. வாக்கு குடுத்திருக்கேன்."

"தொடறதில்ல, படிக்கிறதில்ல. சரி. கேக்குறதில்லன்னு சொன்னீங்களா?"

டீச்சர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், வேளாங்கண்ணியில் அன்றைக்கு என்ன வார்த்தை சொன்னோம் என்று. அப்புறம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "சொல்லல" என்றார்.

வாசித்தேன். கோயிலில் வாசிக்கிற மாதிரி நின்றுகொண்டு ஆரம்பித்தேன். கால் வலித்து அப்புறம் உட்கார்ந்தேன். தொண்ணூற்றாறு பக்கம். டாக்டர் வீட்டு வராந்தாவில் சொட்டிக்கொண்டிருந்த குடை, பூட்டிய மருந்து அலமாரி, நர்ஸ் சொன்ன பொய். டீச்சர் 'ழ'கரத்தை நாலு இடத்தில் திருத்தினார். ஒரு இடத்தில் நான் மூச்சு வாங்க நிறுத்தினேன். "ம்" என்றார், பிள்ளைகளை விரட்டுகிற மாதிரி. வாசற்கதவு திறந்தேதான் இருந்தது. லீமா ரோஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஐந்தரைக்கு முடிந்தது. குடை கம்பவுண்டருடையது, கொலையும் அவன்தான்.

"எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார் டீச்சர். "மொத பாகத்துலயே சந்தேகந்தான். மழ பேஞ்ச அன்னைக்கு அவன் சட்ட மட்டும் எப்படிக் காஞ்சிருந்துச்சு?"

சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தார். முகம் வேறு எங்கேயோ போயிற்று. நான் அம்மாவின் மாலையைச் சரிசெய்கிற மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

"அடுத்த வருசமும் இதுங்கள மூட மாட்ட, இல்ல?" என்றார்.

"மாட்டேன் டீச்சர்."

"திமிரு."

எழுந்து செருப்பு மாட்டும்போது நின்றார். திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "நாப்பதாம் பக்கத்துல நீயே போட்டுரு. ஆறு கால். நாலு போட்டுறாத."

ஆறு மணிக்கு அம்மாவை நான் தூக்கிக்கொண்டு இருபதாம் வீட்டுக்குப் போனேன். டீச்சர் முன்னால் நடந்தார். இருபதாம் வீட்டு வாசலில் நோட்டைத் திறந்து, பத்தொன்பதுக்கு எதிரே எழுதுகிறது தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

திரும்பி வந்தபோது இவர் மூக்குக்கண்ணாடியோடு மேசையருகே உட்கார்ந்திருந்தார், அந்தக் கத்துகிற பெண்ணின் பன்னிரண்டாம் பக்கத்தில். காபி கேட்கவில்லை.

பதிவேடு, எண் 412. 'ஈரக்குடை', இரண்டாம் பாகம், ஆகஸ்ட் 1994. கிழிந்த பக்கம் இல்லை. முப்பத்து மூன்றில் சிலுவை. நாற்பதில் வண்டு. வாசித்தவர் ஒருவர். கேட்டவர்கள் இருவர், அம்மாவோடு சேர்த்து.